ஒரு நாளைக்கு எத்தனை தீப்பந்து?

மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டில் சக்திகளைத் திருத்தி அடுக்க நினைப்பவர்களுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 5-ஆம் பதிப்பில் ஐந்தாம் நிலையை எட்டிய மந்திரவாதி ஒரு நாளில் இரண்டு தீப்பந்துகள் எறியலாம். நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மந்திர ஏட்டைப் புரட்டினால் இன்னொன்றும் கைக்கு வரும். ஆறுமுகப் பகடைகள் எட்டை உருட்டிக் கூட்டினால் கிடைப்பது சேதக் கணக்கு, சராசரி 28. இருபது அடி ஆரத்துக்குள் நிற்கும் அத்தனை பேர் மீதும் அது விழும். சட்டென்று விலகியவர்களுக்கும் பாதி உண்டு.

பக்கத்தில் நிற்கும் வாள்வீரரும் அதே ஐந்தாம் நிலைதான். தன் முறை வரும்போது இரண்டு முறை வாளை வீசுவார். இரண்டும் பட்டால் சுமார் 17, அதுவும் பெரும்பாலும் ஒரே எதிரிக்கு. ஆனால் அந்த வாள்வீச்சுக்கு எண்ணிக்கை இல்லை. காலையில் தொடங்கி இரவு வரை வீசிக்கொண்டே இருக்கலாம்.

காகிதத்தில் இது நியாயமான பங்கீடுதான். ஒருவருக்கு எப்போதாவது பெரிய அடி, இன்னொருவருக்கு எப்போதும் நிதானமான அடி. ஆட்டம் நடத்துபவருக்காக 2014-ல் வெளிவந்த டஞ்சன் மாஸ்டர் கையேடு, ஒரு குழு நீண்ட ஓய்வு, அதாவது இரவுத் தூக்கம், எடுப்பதற்குள் நடுத்தரமோ கடினமோ ஆன ஆறு முதல் எட்டுச் சண்டைகளைத் தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறது. எட்டுச் சண்டை நடந்தால் மந்திரவாதி கஞ்சனாகத்தான் இருக்க வேண்டும், வீரர்தான் குழுவைத் தாங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி நேரம் கூடி ஆடும் நண்பர்களுக்கு எட்டுச் சண்டை எங்கே வாய்க்கும்? ஒன்று நடக்கும், மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றில் மந்திரவாதி முதல் இரண்டு சுற்றுகளிலேயே இரண்டு தீப்பந்துகளையும் எறிந்துவிடுவார். கதையில் எல்லாரும் படுத்து எழுந்தால் மறுநாள் காலை அத்தனையும் திரும்பக் கைக்கு வந்திருக்கும். "என் முறை வர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சுபோச்சே" என்று வாள்வீரராக ஆடுபவர் சொல்லும் வார்த்தையை ஆட்டம் நடத்துபவர்கள் எல்லாரும் ஒருநாள் கேட்டிருப்பார்கள். வீட்டு விதிகள் பிறப்பது அங்கேதான்.

தாயக்கட்டத்தில் ஊருக்கு ஊர் விதி மாறுவதுபோல இந்த ஆட்டத்திலும் மேசைக்கு மேசை விதி மாறும். அதில் தவறே இல்லை. ஆனால் சக்திகளைத் திருத்தப் புறப்படும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது எண்ணில். தீப்பந்தின் எட்டுப் பகடையை ஆறாக்குவார்கள். வாளுக்கு இரண்டு கூட்டுவார்கள். இந்த ஆட்டத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால் நல்ல திருத்தங்கள் வேறொரு இடத்தில் கை வைத்திருப்பது தெரியும். சக்தி எவ்வளவு பெரியது என்பதைவிட, செலவான சக்தி எப்போது திரும்பி வருகிறது என்பதுதான் மேசையில் யாருக்கு எவ்வளவு வேலை என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டஞ்சன் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர்தான் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். செய்ய நினைப்பதை வாயால் சொல்லி, முடிவு சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். யாரால் என்ன முடியும், எத்தனை முறை முடியும் என்பது அவரவர் கதாபாத்திரத் தாளில் எழுதியிருக்கும்.

மறந்துபோகும் மந்திரம்

1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன். முதல் அச்சு 1,000 பிரதிகள். அதில் மூன்றே வகைக் கதாபாத்திரங்கள்: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. திருடர் அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' இணைப்பில்தான் நுழைந்தார்.

மந்திரம் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு கைகாக்ஸ் எடுத்துக்கொண்ட மாதிரி, ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளர் 1950-ல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' கதைகள். அந்த உலகில் மந்திரவாதி சில மந்திரங்களை மட்டுமே மனத்தில் ஏற்றி வைத்திருக்க முடியும். ஒன்றைச் சொல்லி முடித்ததும் அது நினைவிலிருந்தே அழிந்துவிடும். மீண்டும் வேண்டுமென்றால் ஏட்டை எடுத்துப் படிக்க வேண்டும். ஆட்டத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. எந்த மந்திரம் தேவைப்படும் என்று காலையிலேயே யோசிக்க வேண்டும், எதை எப்போது செலவழிப்பது என்று கடைசிவரை தவிக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று புத்தகங்களில் சொல்லாமல் விட்டது ஏராளம். விட்ட இடங்களை ஆடுகிறவர்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்ற மனநிலை அதை எழுதியவர்களிடமே இருந்தது. பெட்டி போய்ச் சேர்ந்த ஊரெல்லாம் தனித்தனி விதிகள் முளைத்தன. இந்த ஆட்டத்துக்கு வீட்டு விதி என்பது பின்னால் ஒட்டியது அல்ல, தொடக்கத்திலிருந்தே உடன்வந்தது.

பென்சிலோடு உட்கார்ந்தவர்கள்

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆண்ட்ரே அந்தப் புத்தகங்களைப் படித்தார். கருத்து பிடித்தது, விதிகள் பிடிக்கவில்லை. 1975-லேயே 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' என்று தனி ஆட்டமே எழுதிவிட்டார். அதில் மந்திரம் மறந்துபோகாது. ஒவ்வொரு மந்திரமும் மந்திரவாதியின் உடல்பலத்திலிருந்து ஒரு பங்கைத் தின்னும். ஓய்வெடுக்க எடுக்க அது மெல்ல ஊறி வரும். இருக்கிற பலம் தாங்கும்வரை பிடித்த மந்திரத்தையே திரும்பத் திரும்பப் போடலாம்.

கலிபோர்னியாவில் ஸ்டீவ் பெரின் சண்டை விதிகளைத் தன் போக்கில் திருத்தி எழுதினார். 1976-ல் 'பெரின் கன்வென்ஷன்ஸ்' என்ற பெயரில் அவை ஆட்டக்காரர்களிடையே பரவின. இரண்டு ஆண்டுகளில், 1978-ல், அதே பெரின் முன்னின்று எழுதிய 'ரூன்குவெஸ்ட்' வெளிவந்தது. அதில் போர்வீரர், மந்திரவாதி என்ற பிரிவே கிடையாது. யார் வேண்டுமானாலும் வாளும் கற்கலாம், மந்திரமும் கற்கலாம். எதைப் பயன்படுத்தி வெற்றி பெறுகிறீர்களோ அதில் தேறும் வாய்ப்பு கிடைக்கும்.

பின்னாளில், ஒவ்வொரு மந்திரத்துக்கும் புள்ளியில் விலை வைக்கும் 'மந்திரப் புள்ளி' என்ற முறை அதிகாரபூர்வப் புத்தகங்களுக்குள்ளேயே வந்தது. 2014 டஞ்சன் மாஸ்டர் கையேட்டிலும் மாற்று விதியாக இருக்கிறது. இதை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். வீட்டு விதி எழுதுகிறவர்கள் அதிகம் ஆசைப்படுவதும் இதற்குத்தான், அதிகம் வழுக்குவதும் இதில்தான்.

ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு முதல் நிலை மந்திரத்துக்கு 4 இடங்கள் (ஓர் இடத்தில் ஒரு தடவை மந்திரம் போடலாம்), இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 2. மாற்று விதியில் முதல் நிலை மந்திரத்தின் விலை 2 புள்ளி, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5. பெருக்கிக் கூட்டினால் 8, 9, 10, மொத்தம் 27. கையேடு கொடுப்பதும் சரியாக 27 புள்ளிதான். கூட்டுத்தொகையில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் தீப்பந்து மூன்றாம் நிலை மந்திரம், விலை 5. 27-ஐ வைத்து ஐந்து தீப்பந்துகள் எறியலாம், மிச்சம் 2. இரண்டாக இருந்தது ஐந்தாகிவிட்டது.

எண் மாறவில்லை, பலம் கூடவில்லை. செலவழிக்கும் விதம் மட்டும் மாறியது. ஒரே சண்டை நடக்கும் மாலையில் அந்த மாற்றம் வாள்வீரரை முழுசாக ஓரங்கட்டிவிடும். கையேட்டை எழுதியவர்களுக்கும் இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. ஆறாம் நிலை மந்திரத்திலிருந்து மேலே உள்ள ஒவ்வொரு நிலையிலும் ஒரு நீண்ட ஓய்வுக்கு ஒரு மந்திரம்தான் என்று வேலி போட்டிருக்கிறார்கள். உங்கள் மேசையில் புள்ளி முறை வேண்டுமென்றால் அதே வேலியைக் கீழ்நிலைக்கும் இறக்குங்கள்: தனக்கு எட்டிய உச்ச நிலை மந்திரத்தைப் பழைய கணக்கில் எத்தனை முறை போடலாமோ அத்தனை முறைதான். மற்றதெல்லாம் புள்ளிக்கணக்கு. சுதந்திரமும் கிடைக்கும், பக்கத்து நாற்காலிக்காரரும் பிழைப்பார்.

எல்லாருக்கும் ஒரே அடுக்கு

வீரருக்கும் மந்திரவாதிக்கும் இடையிலான இந்தச் சிக்கலை, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2008-ல் 4-ஆம் பதிப்பில் வேரோடு தீர்க்க முயன்றது. வீரர், மந்திரவாதி, திருடர் எல்லாருடைய சக்திகளையும் ஒரே வரிசையில் அடுக்கினார்கள். எப்போதும் பயன்படுவது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று மூன்று தட்டுகள். முதல் நிலையில் யாராக இருந்தாலும் எப்போதும் பயன்படும் தாக்குதல் இரண்டு, சண்டைக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. சண்டைக்கு ஒருமுறை சக்தி ஐந்து நிமிட ஓய்வில் திரும்பிவிடும்.

முதன்முறையாக வாள்வீரர் கையிலும் செலவழிக்கப் பெரிய சக்தி இருந்தது. 'ப்ரூட் ஸ்ட்ரைக்' என்ற முதல் நிலை வீரரின் நாள்சக்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டால் ஆயுதப் பகடையை மூன்று மடங்காக உருட்டலாம். தவறினால் சக்தி செலவாகாது, அடுத்த சுற்றில் மீண்டும் முயலலாம். வீரராக ஆடுபவரும் "இப்போ எடுக்கலாமா, வைத்திருக்கலாமா?" என்று முதல்முறையாகத் தவித்தார். அந்தத் தவிப்பு ஆட்டத்தின் சுவைகளில் ஒன்று. அதை எல்லாருக்கும் கொடுத்ததற்காக அந்தப் பதிப்பை நான் மதிக்கிறேன்.

எதிர்ப்பும் கடுமையாக வந்தது. எந்த வகையை எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றார்கள். மந்திரம் நாளுக்கு ஒருமுறை என்றால் மனம் ஏற்கிறது, ஒரு வாள்வீச்சு ஏன் நாளுக்கு ஒருமுறைதான் என்று கேட்டார்கள். முப்பதாம் நிலையில் ஒரு கதாபாத்திரத்துக்குத் தாக்குதலும் துணைச்சக்தியுமாகப் பதினேழு சேர்ந்துவிடும். முறை வந்ததும் சக்தி அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பதிலேயே நேரம் போகும்.

நிறுவனமே வழி தேடியது. 2010-ல் வந்த மூன்றாம் ஆட்டக்காரர் கையேட்டில் மனோசக்தி வகையினரில் பெரும்பாலோருக்குச் சண்டைக்கு ஒருமுறை பயன்படும் தாக்குதல்களை எடுத்துவிட்டு, சாதாரணத் தாக்குதலையே புள்ளி செலவழித்துப் பெரிதாக்கும் வசதியைக் கொடுத்தார்கள். அதே ஆண்டின் 'எசென்ஷியல்ஸ்' வரிசையில் வந்த எளிய போர்வீரர்களுக்கு நாள்சக்தித் தாக்குதலே கிடையாது.

அந்தப் பதிப்பை இன்றும் ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லும் வீட்டு விதி ஒன்று உண்டு. அதில் ஒவ்வொருவருக்கும் 'குணமாகும் மூச்சு' என்று சொல்லத்தக்க ஒரு சேமிப்பு இருக்கிறது. ஒன்றைச் செலவழித்தால் மொத்த உயிர்ப்புள்ளியில் கால்பங்கு திரும்பும். வீரருக்கு ஒரு நாளைக்கு அடிப்படை 9, மந்திரவாதிக்கு 6. உடல்வலுவுக்கு ஏற்ப அதோடு கூடும். செலவான சண்டைச்சக்தியை அதே சண்டையில் மீண்டும் எடுக்க வேண்டுமா? சண்டைக்கு ஒரே தடவை, ஒரு மூச்சைக் கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். வாள்வீச்சு ஏன் தீர்ந்துபோகிறது என்ற கேள்விக்கு உடல் களைக்கிறது என்ற பதில் கிடைத்துவிடும். வீரருக்கு மூச்சு அதிகம் என்பதால் இந்த வசதியும் அவர் பக்கமே சாயும். ஆனால் முன்வரிசையில் நின்று அடிவாங்குபவரும் அவர்தான், மூச்சு அவருக்குத்தான் அதிகம் தேவை. ஆகவே ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் கொடுப்பார்.

கடிகாரத்தைத் தூக்கிப்போட்ட இருவர்

4-ஆம் பதிப்பை வடிவமைத்த குழுவின் தலைவர் ராப் ஹைன்ஸூ. 3-ஆம் பதிப்பு வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜோனதன் ட்வீட். இருவரும் சேர்ந்து 2013-ல் 'தர்டீன்த் ஏஜ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். சக்திகளை மறுபடி அடுக்க விரும்புகிற எவரும் படிக்க வேண்டிய புத்தகம் அது.

அதில் போர்வீரர் முதலில் பகடையை உருட்டுவார். விழுந்த எண் இரட்டைப்படையா, பதினாறோ அதற்கு மேலோ என்று பார்த்து, அந்த எண் அனுமதிக்கும் உத்திகளில் ஒன்றை எடுத்துக்கொள்வார். எதிரி வழிவிட்ட அந்த நொடியில்தான் அந்த வாள்வீச்சு சாத்தியம் என்பது பகடையிலேயே தெரிந்துவிடும். 'வீரருக்கு ஏன் நாளுக்கு ஒருமுறை?' என்ற கேள்வி அங்கே எழவே இடமில்லை.

இரண்டாவது, மேசை நடுவில் ஒரு ஆறுமுகப் பகடை. இரண்டாம் சுற்றில் அதை 1 என்று வைப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடி 6 வரை போகும். அந்த எண் நாயகர்களின் தாக்குதல் உருட்டலில் சேரும். முதல் சுற்றிலேயே பெரிய மந்திரத்தை எறிந்துவிட்டால் அது தவறிப்போகும் வாய்ப்பு அதிகம். காத்திருந்தவருக்குப் பலன். இப்படிச் செய்யாதே என்று யாரும் யாரையும் தடுக்காமலே முதல் சுற்றுத் தீப்பந்துப் பழக்கம் குறைகிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். முழு ஓய்வு என்பது தூக்கத்தோடு கட்டப்படவில்லை. ஏறக்குறைய நான்கு சண்டைகளுக்குப் பிறகே எல்லாச் சக்தியும் திரும்பும். அது கதையில் ஒரே பகலாக இருந்தாலும் சரி, ஒரு மாதமாக இருந்தாலும் சரி. அதற்கு முன்பே பின்வாங்கி ஓய்வெடுக்கலாம், ஆனால் கதையில் ஒரு பின்னடைவை ஏற்க வேண்டும். படுத்து எழுந்து சக்தி நிரப்பும் தந்திரம் அதோடு முடிந்தது.

உங்கள் மேசையில்

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் வீட்டு விதி எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது.

முதலில் குறை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "நான் பலவீனமா இருக்கேன்" என்பதும் "எனக்கு அடிக்கிறதைத் தவிர வேற வேலையே இல்லை" என்பதும் வெவ்வேறு நோய்கள். இரண்டாவதைச் சொல்பவரின் வாளுக்குச் சேதம் கூட்டிக் கொடுத்தால் அவர் அதே சலிப்போடு இன்னும் பலமாக அடிப்பார், அவ்வளவுதான். அவருக்குத் தேவை தேர்வு. 5-ஆம் பதிப்பின் 2014 ஆட்டக்காரர் கையேட்டில் 'பேட்டில் மாஸ்டர்' என்ற வீரர் பிரிவுக்குப் பதினாறு உத்திகள் உண்டு. எதிரியைக் கீழே தள்ளுவது, தவறவிருந்த அடியைத் திருத்துவது, தாக்கித் தவறியவருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று பலவிதம். அவற்றில் இரண்டை எல்லா வீரர்களுக்கும் கொடுக்கும் மேசைகள் உண்டு. நல்ல திருத்தம். ஆனால் அந்தப் பிரிவையே தேர்ந்தெடுத்து ஆடுபவர் உங்கள் குழுவில் இருந்தால் உத்திகளுக்காக அவர் செலவழிக்கும் பகடைகளில் ஒன்றைக் கூடுதலாகக் கொடுக்க மறக்காதீர்கள். அவருடைய தனித்தன்மையைத்தான் நீங்கள் ஊருக்கெல்லாம் பங்கிட்டிருக்கிறீர்கள். 2024-ல் திருத்தி வெளியிட்ட ஆட்டக்காரர் கையேடும் இந்தத் திசையில்தான் போயிருக்கிறது. போர்த்தொழில் வகையினருக்கு ஆயுதத் தேர்ச்சி என்ற புதிய வசதி வந்திருக்கிறது. சில ஆயுதங்கள் எதிரியைத் தள்ளிவிடும், சில தவறினாலும் கொஞ்சம் காயப்படுத்தும். எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை.

அடுத்து, ஓய்வைத் திருத்துங்கள். 2014 கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: வழக்கமாக ஒரு மணி நேரம் எடுக்கும் குறுகிய ஓய்வு எட்டு மணி நேரமாகும், நீண்ட ஓய்வு ஏழு நாளாகும். பயணக் கதைகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆனால் ஒன்றை அசைத்தால் இன்னொன்று ஆடும். மந்திரக் கவசம் எட்டு மணி நேரம் நிற்கும் மந்திரம். வழக்கமான கணக்கில் ஒருமுறை போட்டால் அன்றைய சண்டைகள் பெரும்பாலானவற்றுக்கு அது போதும். அதே சண்டைகள் ஒரு வாரத்தில் பரவினால் கவசம் ஒன்றிரண்டுக்குத்தான் வரும். விதியை மாற்றும் அன்றே இப்படிப்பட்ட மந்திரங்களைத் தேடி நேரத்தை நீட்டிவிடுங்கள்.

நாள்கணக்கே வேண்டாம் என்றால் 'தர்டீன்த் ஏஜ்' வழியைக் கடன் வாங்கலாம். ஒரு தாளில் இரண்டே வரி: "நீண்ட ஓய்வின் முழுப்பலன் நான்கு சண்டைக்குப் பிறகே. அதற்கு முன் தூங்கினால் காயம் ஆறும், மந்திரம் திரும்பாது." மாலைக்கு ஒரு சண்டை என்றால் நான்கு மாலைக்கு ஒன்பது மந்திர இடங்கள். மந்திரவாதியாக ஆடுபவர் முகம் சுளித்தால் கணக்கைக் காட்டுங்கள்: 2014 கையேடு அதே ஒன்பதை ஆறு முதல் எட்டுச் சண்டைக்கு வைத்திருக்கிறது, உங்கள் விதி அதைவிடத் தாராளம்.

மூன்றாவது, எடுப்பதற்கு முன் கொடுங்கள். ஒருவருடைய சக்தி என்பது வெறும் எண் அல்ல. தன் கதாபாத்திரம் யார் என்று அவர் கட்டி வைத்திருக்கும் கற்பனை அதில் இருக்கிறது. பல மாலைகள் ஆடி ஐந்தாம் நிலைக்கு வந்து தீப்பந்தைக் கற்றவரிடம் அடுத்த வாரமே அதைப் பாதியாக்குவது அநியாயம். மாற்றம் அவசியம் என்றால் அவரிடம் முதலில் பேசுங்கள், எல்லார் முன்பும் அறிவிப்பதற்கு முன் தனியாகப் பேசுங்கள். புது விதி பிடிக்கவில்லை என்றால் தன் மந்திரங்களை மாற்றி எடுத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள்.

கடைசியாக, எழுதி வையுங்கள். வாய்வார்த்தையாக இருக்கும் விதி ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு மாதிரி மாறும், சண்டை நடுவில் வழக்காகும். ஒரு பக்கத்துக்குள் எழுதி, எல்லாரும் படித்து, மூன்று மாலை சோதித்துப் பாருங்கள். மூன்றாம் மாலை முடிவில் பத்து நிமிடம் ஒதுக்கி, வைப்பதா நீக்குவதா என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

அலமாரியில் இன்று நிற்கும் புத்தகங்களில் பல, ஒருகாலத்தில் யாரோ ஒருவர் தன் மேசைக்காக எழுதிய திருத்தங்கள்தான். 2023 ஜனவரியில் 5-ஆம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். அதன் மேல் கட்டி எழுதிய உங்கள் விதியை, மூலத்தைக் குறிப்பிட்டு, அச்சிட்டு விற்கக்கூடத் தடையில்லை. ஆகவே பயமின்றிப் பென்சிலை எடுங்கள். ஆனால் எட்டுப் பகடையை ஆறாக்குவதற்கு முன், உங்கள் மேசையில் ஒரு மாலைக்கு எத்தனை சண்டை நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திருத்த வேண்டியது தீப்பந்தா, ஓய்வா என்பதற்குப் பதில் அந்த எண்ணிக்கையிலேயே கிடைத்துவிடும்.